டீசல் எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாடும் அதனை அபாயமின்றிப் பேணும் முறையும்

தாம்பரத்தைச் சூழ்ந்த கிராமங்களில் முற்காலத்தில் ஒரு குடியானவனுடைய நிலைமையை அவன் தொழுவத்தில் நிற்கும் உழவு மாடுகளைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் ஏரில் பூட்டுகிறவன் ஊராரின் நிந்தைக்கு ஆளாவான். இப்பொழுது மண்ணிவாக்கம், படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் முதலிய இடங்களில் எஞ்சியுள்ள நன்செய்களில் ஏர் மாட்டின் வேலையைப் பெரும்பாலும் டிராக்டரே செய்கின்றது. அதற்கும் தண்ணீர் காட்டவேண்டும். ஆயினும், மாட்டின் விஷயத்தில் இருந்த கவனம் யந்திரத்தின் விஷயத்தில் இருப்பதாகச் சொல்வதற்கில்லை. எந்தத் தண்ணீரை விடுவது, எப்பொழுது விடுவது, எவ்வாறு மூடியைத் திறப்பது என்னும் மூன்றையும் அறியாமையால் எஞ்சின்கள் பாழாகின்றன. சில வேளைகளில் மனிதருடைய முகமும் கைகளும் வெந்துபோகின்றன. ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விவரமாய் ஆராய்வது நிலமுடையோருக்கும் கிராம அலுவலர்களுக்கும் பிரயோஜனமாகும்.

எஞ்சின் ஏன் சூடாகின்றது?

ஜெர்மனி தேசத்து ருடால்ஃப் டீசல் என்பவர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் வெற்றிகரமாய் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகவும் இறுக்கினால் அது தானே கடுமையாய்ச் சூடேறும். அச்சூட்டில் எண்ணெயைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். சென்னையை அடுத்த எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிச் செய்துவரும் லாரிகளிலும், 1960-இல் சென்னையில் நிறுவப்பெற்ற டாஃபே கம்பெனியார் செய்துவரும் டிராக்டர்களிலும் உள்ள டீசல் எஞ்சின்கள் யாவும் இத்தத்துவத்தின்படியே வேலை செய்கின்றன.

எண்ணெய் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் உஷ்ணம் ஏறக்குறைய 2,000 சென்டிகிரேடு டிகிரியை எட்டுகின்றது. பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகும் உலோகம். எண்ணெயிலுள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்கு சுமாராகச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் போய்ச் சேருகின்றது. மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறுகின்றது. மீதியில் பெரும்பாகம் எஞ்சினைச் சுற்றியுள்ள நீரில் இறங்குகின்றது. இச்சூட்டை இடைவிடாமல் வாங்கி வெளிக்காற்றில் விட்டுக்கொண்டே இருந்தாலன்றி, சில நிமிஷங்களில் பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

ஏற்பாட்டின் அங்கங்கள்

எஞ்சினுக்கு முன்புறம் நிற்கும் ரேடியேட்டர் என்பது மெல்லிய குழாய்களும், அவற்றின்மேல் நெருக்கமாய் அடுக்கப்பட்ட தகடுகளும் சேர்ந்த ஒரு கூடு. எஞ்சினில் சூடேறிய நீர் மேல் ஓஸ் குழாயின் வழியாக இதனுள் வந்து, குழாய்களில் இறங்கி, விசிறி இழுக்கும் காற்றினால் ஆறி, கீழ்க் குழாய் வழியாக மீண்டும் எஞ்சினுக்குச் செல்கின்றது. இச்சுற்றை நடத்துவது நீர்ப் பம்பு. பம்பையும் விசிறியையும் பெரும்பாலான டிராக்டர்களில் ஒரே பெல்ட் சுழற்றுகின்றது. ஆகையால் பெல்ட் அறுந்தால் இரண்டும் ஒருங்கே நின்றுவிடும்.

எஞ்சினுக்கும் மேல் ஓஸ் குழாய்க்கும் நடுவே தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருந்து நீரை உள்ளேயே சுற்றவிடும். நீர் ஏறத்தாழ 80 டிகிரியை அடைந்ததும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும்.

இவை எல்லாவற்றிலும் அற்பமாய்க் காணப்படுவது ரேடியேட்டரின் மூடி. உண்மையில் அது சாதாரண மூடியன்று, ஒரு வால்வு. நீரைத் தப்பவிடாமல் அமுக்கி வைப்பதே அதன் வேலை. திறந்த பானையில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் கூடுதலாய்த் தாங்கும் மூடியிட்டால், அதே நீர் ஏறக்குறைய 118 டிகிரி வரையில் கொதிக்காமல் நிற்கும். வீட்டில் பிரஷர் குக்கரில் பருப்பு விரைவில் வேகும் காரணமும் இதுவே. மூடியின் ரப்பர் தேய்ந்தாலும் வில் தளர்ந்தாலும் இந்த அனுகூலம் போய்விடும். ஆகவே தொலைந்த மூடிக்குப் பதிலாகத் துணியையோ மரக்கட்டையையோ அடைப்பதும், வேறு அழுத்தமுள்ள மூடியைத் தேடிப் போடுவதும் தவறு. மூடியின்மேல் அதன் அழுத்தம் பொறிக்கப்பட்டிருக்கும். அதே அளவுள்ளதையே வாங்கவேண்டும்.

சூடான மூடியைத் திறப்பதன் அபாயம்

இதனைத் தனியே எடுத்துரைப்பது அவசியம். உள்ளே 115 டிகிரியில் 10 லிட்டர் நீர் அமுங்கி நிற்பதாக வைத்துக்கொள்வோம். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் மறைகின்றது. 100 டிகிரிக்கு மேற்பட்ட சூடு முழுவதும் நீராவியாவதற்கே செலவாகின்றது. கணக்கிட்டுப் பார்த்தால் கால் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் உடனே ஆவியாகும். நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு பருக்குமாதலால், அக்கால் லிட்டர் 400 லிட்டருக்கு மேற்பட்ட ஆவியாகிச் சிறிய வாயின் வழியே பீறிட்டு வெளியேறும். வெளியேறும்போது கொதிநீரையும் வாரி இறைக்கும். எட்டிப் பார்த்து நிற்பவனுடைய முகம், கண், கழுத்து, கை ஆகியவையே அதற்கு இலக்கு.

ஆதலால் உஷ்ணமானியின் முள் சிவப்பை எட்டினால் பின்வருமாறு செய்யவேண்டும்:

1. பாரத்தை உடனே குறைத்து, வண்டியை ஓரமாகவோ மேட்டிலோ நிறுத்துக. ஆவி வெளிவராமலும் பெல்ட் அறுபடாமலும் இருந்தால், பாரமின்றி இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாய் ஓடவிட்டு அணைக்கலாம். ஆவி பொங்கினாலும், நீர் ஒழுகினாலும், பெல்ட் அறுந்தாலும் அக்கணமே அணைத்துவிடவேண்டும்.

2. மூடியில் கை வையாது அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையில் காத்திருக்க. அறுவடைக் காலத்தில் இந்த ஒரு மணி நேரம் நெடுங்காலமாய்த் தோன்றும். ஆயினும் வெந்த கை ஆறுவதற்கு வேண்டிய வாரங்களைவிட அது குறைவே.

3. மேல் ஓஸ் குழாயைத் தொட்டால் சூடு பொறுக்கும்படியும், அமுக்கினால் நெகிழும்படியும் இருக்கவேண்டும். விறைத்திருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கின்றதென்று பொருள்.

4. தடித்த சாக்கைப் பல மடிப்பாய் மடித்து மூடியின்மேல் இட்டு, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, முதற் கட்டு வரையில் மாத்திரம் திருகுக. சீறும் ஓசை முற்றிலும் அடங்கிய பின்னரே மூடியைக் கழற்றுக.

5. காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த கிணற்று நீரை ஊற்றலாகாது. அடுப்பிலிருந்து இறக்கிய கல்சட்டியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகுமோ அதுவே வார்ப்பிரும்புக்கும் ஆகும். சிலிண்டர் தலை வெடிக்கும். எஞ்சின் ஆறிய பிறகு, மெதுவாய் ஓடவிட்டு, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாய் விடவேண்டும்.

எவரேனும் வெந்துபோனால், சூடான துணியை விலக்கி, வெந்த இடத்தில் சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிஷம் ஓடவிடவேண்டும். மை, மாவு, எண்ணெய், பற்பசை முதலியவற்றைத் தடவுவது புண்ணைக் கெடுக்கும், பனிக்கட்டியும் ஆகாது. சுத்தமான துணியால் தளர்த்தியாய் மூடி, 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனை சேர்ப்பிக்கவேண்டும். முகமோ கண்ணோ வெந்திருந்தால் சிறிய காயமென்று வீட்டில் வைத்துக்கொள்ளலாகாது.

குடிக்கத் தகுந்த நீர் எஞ்சினுக்குத் தகுமா?

தாம்பரம் பிரதேசத்தில் இக்கேள்விக்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை ஆகிய குன்றுகள் சார்னகைட் என்னும் கரும்பாறையால் ஆனவை. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையாதலால் தாமஸ் ஹாலண்டு என்னும் பூகர்ப்ப சாஸ்திரி இதற்கு அப்பெயரை இட்டார். இத்தகைய பாறையின் வெடிப்புகளில் ஊறும் ஆழ்துளைக் கிணற்று நீர் பலவிடங்களில் உப்பும் கடினமும் மிகுந்தது. குரோம்பேட்டைக்குப் பெயரளித்த குரோம் தோல் தொழிலும், பல்லாவரத்துத் தோல் பதனிடும் சாலைகளும் நெடுங்காலம் விட்ட கழிவுகளால் அவ்விடங்களின் நிலத்தடி நீர் மேலும் கெட்டது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையில் விரும்பத்தக்கது. வேறு நீர் கிடையாதபோது 600 வரையில் அனுமதிக்கப்படும். குளோரைடு உப்பு 250 வரையில் விரும்பத்தக்கது. ஆனால் பெரிய டீசல் எஞ்சின் உற்பத்தியாளர்கள் தங்கள் எஞ்சினுக்கு விடும் நீரில் கடினம் 170-க்கும், குளோரைடு 40-க்கும் மேற்படலாகாதென்று விதித்திருக்கின்றனர். மனிதன் தாராளமாய்க் குடிக்கும் நீரும் எஞ்சினுக்கு ஒவ்வாமற் போகலாம் என்பது இதனால் விளங்கும்.

காரணம் எளிது. ரேடியேட்டரிலிருந்து ஆவியாய்ப் போவது நீர் மாத்திரமே. அதிலிருந்த சுண்ணாம்பு பின்தங்கிவிடுகின்றது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினமுள்ள நீரை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் 300 நாள் ஊற்றினால், 150 கிராம் சுண்ணாம்பை எஞ்சினுக்குள் கொட்டியதாகும். அது எங்கே அதிகச் சூடோ அங்கேயே படியும். வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் பற்றும் பொருக்கும் இதுவே. இப்பொருக்கு வார்ப்பிரும்பு கடத்தும் சூட்டில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. ஆகவே, ரேடியேட்டர் நிறைய நீர் நின்றும் சிலிண்டர் காயும். உஷ்ணமானி காட்டாத இடத்தில் சேதம் நடக்கும்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை நகரம் நீருக்குத் தவித்தபோது, இப்பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீர் லாரிகள் இரவு பகலாய் நகரத்துக்கு ஓடின. ஆயிரக்கணக்கான லிட்டரை முதுகில் சுமக்கும் லாரிக்குத் தன் ரேடியேட்டரில் நல்ல நீர் பத்து இருபது லிட்டர் இல்லாமற்போவது வியப்புக்குரியது. சுமக்கும் நீரையே ரேடியேட்டரிலும் விடுவது டிரைவர்களுக்கு எளிய வழி. ஆனால் எஞ்சினுக்கு அதுவே கேடு.

ஊர்க் கிணற்று நீரின் தன்மையை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். சோப்பு நுரையாமை, பருப்பு வேகாமை, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஆகிய மூன்றும் கடின நீரின் அடையாளங்கள். துல்லியமாய் அறிய விரும்புவோர் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்கு நீரை அனுப்பலாம்.

எந்த நீரை விடுவது?

பாட்டரிக்கு விடும் வாலை நீரே சிறந்தது. அதற்கு அடுத்தது மழைநீர். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாதலால் மாடியிலிருந்து இறங்கும் குழாய் அநேக வீடுகளில் உண்டு. ஐப்பசியில் முதல் இரண்டு மழை மாடியைக் கழுவிச் சென்ற பிறகு, வெள்ளைத் துணியில் வடிகட்டி மூடியுள்ள பிளாஸ்டிக் கலங்களில் ஐம்பது லிட்டர் பிடித்து வைத்தால், ஒரு டிராக்டருக்கு வருஷம் முழுவதும் போதும். செலவு ஒன்றுமில்லை.

ஆனால் சுத்த நீர் மாத்திரம் போதாது. சுண்ணாம்பில்லாத நீர் இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். இதன்பொருட்டே கூலண்ட் என்னும் திரவம் விற்கப்படுகின்றது. அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளும் துருத்தடுப்பு மருந்துகளும் உள்ளன. "உறைபனி இல்லாத தாம்பரத்தில் இது எதற்கு?" என்று சிலர் வினவுவர். குளிர் தேசத்தார் நீர் உறையாமைக்காகப் பிரயோகிப்பது மெய்யே. இங்கே அதன் பயன் வேறு. அது கொதிநிலையைச் சிறிது உயர்த்துகின்றது, துருவைத் தடுக்கின்றது, மூன்றாவதாக, சிலிண்டர் உறையைக் காக்கின்றது.

இம்மூன்றாவதைச் சற்று விளக்கவேண்டும். டீசல் எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்பின்போதும் சிலிண்டர் உறை மணிபோல் அதிர்கின்றது. அவ்வதிர்ச்சியால் அதன் வெளிப்புறத்து நீரில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும்போது உலோகத்தைத் துளித்துளியாய்க் கொத்துகின்றன. நாளடைவில் ஊசித்துளை விழுந்து நீர் உள்ளே இறங்கும். தக்க மருந்துள்ள கூலண்ட் உலோகத்தின்மேல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி இதனைத் தடுக்கின்றது. ஆகையால் டீசல் எஞ்சினுக்கென்று குறிக்கப்பட்டதையே வாங்கவேண்டும்.

கெட்டியான கூலண்டைத் தனியே ஊற்றுவது பிழை. கிளைக்கால் நீரைப்போல் சூட்டைச் சுமக்கவல்லதன்று. டப்பாவின்மேல் குறித்த அளவுப்படி, பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையில், நல்ல நீருடன் கலந்தே விடவேண்டும். கலந்தே விற்கப்படுவதில் மேலும் நீர் சேர்க்கலாகாது. நிறத்தைக் கண்டு ஒரு வகையுடன் மற்றொரு வகையைக் கலப்பதும் ஆகாது; நிறம் விற்பவரின் விருப்பம், மருந்தோ வேறாயிருக்கும்.

நஞ்சு என்பதை மறவாமை

கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ளது. ஆனால் கொடிய நஞ்சு. வளர்ந்த மனிதனுக்கே 100 மில்லிலிட்டர் அளவு உயிருக்கு ஆபத்தாகும். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் மிகச் சிறிய அளவே போதும். முதலில் குடித்தவனைப்போல் மயக்கமும், பின்னர் மூச்சுத் திணறலும், சிறுநீரகக் கேடும் காணும். இதற்கு மாற்று மருந்து உண்டாகையால், விழுங்கியதாகச் சந்தேகம் ஏற்பட்டாலும் குறிகளுக்குக் காத்திராமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையவேண்டும். குளிர்பானப் புட்டிகளில் இத்திரவத்தை ஊற்றி வைப்பதைப்போன்ற விபரீதம் வேறில்லை. வடித்தெடுத்த பழைய நீரைத் தொழுவத்தருகிலும், கிணற்றோரத்திலும், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஏரிகளுக்குச் செல்லும் கால்வாய்களிலும் கொட்டலாகாது. மூடியுள்ள கலத்தில் சேர்த்து, பெயரெழுதி, பழைய எண்ணெயை முறைப்படி ஏற்கும் பணிமனையில் ஒப்படைக்கவேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம்

"எஞ்சின் சூடாகிறது, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடு" என்பது பல பட்டறைகளில் கேட்கப்படும் வாக்கு. இது நோய்க்கு மருந்தாகாது. அது இல்லாத எஞ்சின் எப்பொழுதும் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த சிலிண்டரில் எண்ணெய் முழுதும் எரியாமல் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி உயவெண்ணெயைக் கெடுக்கும். எண்ணெயிலுள்ள கந்தகம் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். டீசல் செலவும் கூடும். சில எஞ்சின்களில், அதனை எடுத்துவிட்டால் சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு முன்னிலும் அதிகமாகும். சந்தேகம் இருந்தால் அதனைக் கழற்றி, பாத்திரத்தில் நீரிட்டுக் காய்ச்சி, உஷ்ணமானி கொண்டு பார்க்கலாம். அதன்மேல் பொறித்த டிகிரியையொட்டித் திறக்கத் தொடங்கினால் நல்லது. திறவாவிடில் புதியது மாற்றவேண்டும்.

வெளிப்புறச் சுத்தம்

நெல் அறுவடையிலும் வைக்கோல் கட்டும் வேலையிலும் சுணையும் பதரும் பறந்து ரேடியேட்டரின் தகடுகளை அடைத்துவிடும். சேற்றுழவில் தெறிக்கும் சேறு உலர்ந்து ஓடுபோல் ஒட்டும். திரிசூலம் குன்றுகளைச் சுற்றிய கல் வேலைகளில் ஓடும் லாரிகளுக்குக் கல் தூசி இதே தீங்கைச் செய்யும். முன்வலையை நாள்தோறும் துடைக்கவேண்டும். உட்புறத்தை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாய் மென்மையான காற்றாலோ நீராலோ ஊதிக் கழுவவேண்டும். எதிர்த்திசையில் ஊதினால் குப்பை மேலும் உள்ளே செருகும். கடும் வேகத்தில் நீரைப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிக் காற்றின் வழி அடைபடும்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்கள் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. அவ்வாறு நீரில் நின்ற வண்டியை உடனே ஓட்ட முயலலாகாது. தகடுகளிலுள்ள வண்டல் காய்வதற்கு முன் கழுவி, எண்ணெயிலும் காற்று வடிகட்டியிலும் நீர் புகுந்ததா என்று பார்த்து, பம்பு, பெல்ட் ஆகியவற்றைக் கையால் சுழற்றிச் சோதித்த பின்னரே ஓட்டவேண்டும்.

உட்புறச் சுத்தம்

பழைய பித்தளை ரேடியேட்டர்களுக்கு வண்ணான் காரத்தைக் கரைத்து விடுவது முன்னோர் வழக்கம். இக்காலத்து ரேடியேட்டர்கள் பலவும் அலுமினியத்தாலானவை. காரமும், கழிவறைக்கு விடும் அமிலமும் அவற்றை அரித்து ஓட்டையாக்கும். எஞ்சின் கம்பெனியார் குறிப்பிடும் சுத்திகரிப்பு மருந்தையே பிரயோகித்து, பின்னர் நல்ல நீரால் தெளிவாய் வரும் வரையில் அலசவேண்டும். பொருக்கு மிகுதியாயிருந்தால் அனுபவமுள்ள பணிமனைக்கு அனுப்புவதே சிக்கனம்.

அடையாளங்களும் காரணங்களும்

நீர் நாள்தோறும் குறைந்து, வெளியே ஒழுக்கும் காணாவிடில், நீர் உள்ளே போகின்றதென்று கொள்க. எண்ணெய் அளவுக்கோலில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தாலும், புகை வெண்மையாய் இடைவிடாமல் வந்தாலும், ரேடியேட்டரில் குமிழிகள் தோன்றினாலும் தலைக் காஸ்கெட்டோ சிலிண்டர் உறையோ கெட்டிருக்கும். அந்நிலையில் மேலும் ஓட்டலாகாது. நீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் நீர் சொட்டினால் பம்பின் முத்திரை தேய்ந்தது. அத்துளையை அடைக்கலாகாது, அது அறிவிப்பதற்கென்றே வைக்கப்பட்டது. நின்றிருக்கும்போது சூடாகி ஓடும்போது தணிந்தால் விசிறியையோ பெல்ட்டையோ பார்க்க. பெருங்களத்தூர்ச் சாலை நெரிசலில் லாரிகள் காய்வது பெரும்பாலும் இவ்வகை. பாரம் ஏறியபோது மாத்திரம் காய்ந்தால் அடைப்பைப் பார்க்க.

காலக்கிரமம்

தினந்தோறும், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், நீர் மட்டத்தையும், ஒழுக்கையும், முன்வலையையும் பார்க்கவேண்டும். வாரந்தோறும் பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரையில் தாழ்ந்தால் சரியென்று கொள்ளலாம். கைப்புத்தகம் வேறு அளவு குறித்திருந்தால் அதுவே பிரமாணம். ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் ஓஸ் குழாய்களில் வெடிப்பு, வீக்கம், இறுக்கு வளையங்கள், மூடியின் ரப்பர் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். கூலண்டை அதன் டப்பாவில் குறித்த காலத்தில், பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, வடித்துப் புதிதாக்கவேண்டும்.

விசிறியின் அருகே கை வைக்குமுன் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடவேண்டும். மின்சாரத்தால் சுழலும் விசிறி, எஞ்சின் நின்ற பிறகும் தானே சுழலக்கூடும். ஆகையால் பாட்டரி இணைப்பையும் விலக்குக. தோளில் துண்டும், தளர்ந்த வேஷ்டியும் ஓடும் பெல்ட்டுக்கு இரையாகும். அவற்றை இறுக்கிக்கொண்டே வேலை செய்யவேண்டும்.

கிராம அலுவலர்கள் கவனிக்கத்தக்கது

ஊராட்சிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பொதுவிலுள்ள டிராக்டர், டீசல் ஜெனரேட்டர், தண்ணீர் வண்டி முதலியவற்றை ஒருவரே ஓட்டுவதில்லை. பலர் கை மாறும் யந்திரத்தில், "நேற்று ஓட்டியவன் பார்த்திருப்பான்" என்று எண்ணுவது இயல்பு. ஆகவே யந்திரத்தோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கட்டி, தினமும் எத்தனை லிட்டர் நீர் விடப்பட்டது என்று ஓட்டியவரே எழுதிக் கையொப்பமிடச் செய்வது நலம். ஒரு வாரத்தில் அந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கினால், எஞ்சின் தன் நோயைத் தானே சொல்லிவிட்டதாகும். அச்சமயத்தில் கவனித்தால் ஓர் ஓஸ் குழாயோடும் இறுக்கு வளையத்தோடும் செலவு முடியும். கவனியாவிடில் சிலிண்டர் தலையைக் கழற்றும் வரையில் போகும். அப்பொழுது வயலில் முற்றிய நெல் வேறு யந்திரம் வரும் வரையில் மழைக்குக் காத்து நிற்காது.